கோணி போர்த்திய பன்றி

போன வாரம் வடக்கனந்தல் பக்கம் எங்கள் கொல்லைக்குப் போயிருந்தேன். மரவள்ளிக்கு நடுவே நாலைந்து நாய்கள் குரைத்தன. எனக்கோ ஒரே சந்தோஷம். கிட்டே போய்ப் பார்த்தால் நாயைக் காணோம், கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. காட்டுப்பன்றியை விரட்ட என் மகன் மாட்டியதாம். "பன்னிங்க பயப்படுதாடா?" என்றேன். "மொத வாரம் பயந்துதும்மா. இப்ப அதக் கேட்டுக்கினேதான் கெழங்கு துன்னுது" என்றான்.

என் மாமனார் இருந்திருந்தால் அந்தப் பெட்டிக்கும் பயிற்சி கொடுத்திருப்பார். நான் சங்கராபுரத்திலிருந்து மருமகளாக வந்த புதிது. நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள், வாழ்க்கைப்பட்டதோ கொல்லை நடுவே மூன்று வேட்டை நாய்கள் இருந்த வீட்டில். வேட்டைக்குத் தடை என்ற பேச்செல்லாம் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்து சேராத காலம் அது. மாமனார் ஒரு கோணியில் பன்றிக் கொழுப்பைத் தேய்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவார். நாய்கள் மோப்பம் பிடித்துப் பாயும். பிடித்தால் ஆளுக்கொரு கருவாட்டுத் துண்டு. அந்தக் கோணி மாட்டுக்கொட்டகையில்தான் தொங்கும். அது தொங்குகிற பக்கம் போனாலே எனக்குக் குமட்டும்.

அந்த வருஷம் பன்றிகள் பாதிக் கொல்லையைக் கிளறிவிட்டன. மிச்சக் கிழங்கையாவது காப்பாற்றினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். மாமியார் சிரிப்பதையே விட்டுவிட்டார். ஒரு விடியற்காலைத் தூறலில், பன்றிகள் எங்கள் கொல்லையை ஒட்டிய கரும்புக்குள் பதுங்கியிருப்பதாகப் பக்கத்துக் கொல்லை கோவிந்தன் ஓடிவந்து சொன்னார். மாமனார் நாய்களை அவிழ்த்துவிட்டு, கொட்டகையில் கைக்கு அகப்பட்ட கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். எந்தக் கோணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரும்பை நோக்கி ஓடிய நாய்கள் நின்றன. மூக்கைத் தூக்கின. திரும்பின. அடுத்த நிமிஷம் மாமனார் வேப்பமரத்தின் மேல், அவர் வேட்டியில் பாதி செவலை என்கிற நாயின் வாயில்.

"டேய், நாந்தான்டா! சோறு போட்டவன்டா!"

"படிச்ச பாடத்த மறக்கலண்ணா!" என்று கோவிந்தன் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"கோணியக் கயட்டிப் போடுங்க மாமா!" என்று கத்தினேன். மாமனார் எதிரே வாய் திறக்காத புது மருமகள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கோணி விழுந்தது. நாய்கள் அதைக் குதறிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கூச்சலில் மிரண்ட பெரிய ஆண்பன்றி கரும்பை விட்டு வெளியே வந்தது. செவலைதான் முதலில் கோணியை விட்டது. ஓடைக்கரையில் பன்றியின் காதைக் கவ்வியது. மற்ற இரண்டும் வந்து சேர, கோவிந்தன் ஈட்டியோடு போய் முடித்தார். மலைக்கு ஓடிய கூட்டம் கிழங்கு பிடுங்கி முடிகிறவரை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிழைத்தோம்.

முதலில் கவ்விய நாய்க்குக் கறியில் ஓர் ஆளின் முழுப் பங்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மொதல்ல கவ்வுனது ஒங்க வேட்டியத்தானே? அதுக்கு இன்னா பங்கு?" என்றார் கோவிந்தன்.

"அதுக்கும் சேத்து ரெண்டாப் போடு" என்றார் மாமனார், கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு. மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று செவலைக்குப் பங்கு வைத்தது, பத்தடி தள்ளி நிற்கிற நான்தான். பிறகு நான் வைத்தால்தான் தின்னும்.

மாமனார் போய்விட்டார், செவலை அதற்கும் முன்னால். கொல்லையை விட்டுக் கிளம்பும்போது தூறல் போட்டது. மகன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். பெட்டி குரைத்துக்கொண்டே இருந்தது. தூக்குவாளியில் மிஞ்சிய சோற்றைப் பழக்க தோஷத்தில் வரப்போரம் கொட்டினேன். காக்கைகள்தான் வந்தன.