ஆனந்தவல்லியின் ஞாயிற்றுக்கிழமை ஊசி

ஆனந்தவல்லிக்கு ஊசி என்றாலே பயம். மருந்துக்கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போட்டுட்டியாட்டி, போட்டுட்டியா" என்று பத்துத் தடவை கேட்பாள். போட்டு முடித்து, பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை மூடி வைத்த பிறகும் கேட்பாள். அப்படிப்பட்டவள் நான்கு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வந்தாள். உடம்பு குறைய வேண்டும் என்ற வெறி அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாண்டிசெல்வி. இராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அவளுக்கு அதே ஊரில் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெரு. காலை பஸ்ஸில் அவள் எனக்கு இடம் போட்டு வைப்பாள். இடம் என்றால் அரை இடம்தான், மீதி ஒன்றரை அவளுக்கு. அதைச் சொல்லி நான் கேலி செய்தால் என் தொடையில் கிள்ளுவாள். யாருக்காவது முடியவில்லை என்றால் அவர்கள் பங்குத் துணியையும் இவளே மடித்து அடுக்கிவிட்டு வருவாள். வாய் மட்டும் ஓயாது.

போன ஐப்பசியில் கம்பெனியில் அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி படாரென்று உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஸ் ஏறியதும் அழுதாள். தொண்ணூற்றெட்டுக் கிலோ. அடுத்த வாரமே தனியார் டாக்டர் ஒருவரிடம் போய் அந்த ஊசிக்குச் சீட்டு வாங்கி வந்துவிட்டாள். மருந்து எங்கள் கடை ஃப்ரிட்ஜிலேயே இருக்கும், நானே போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு.

"வீட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஊசி போட்டு மெலிஞ்சவன்னு பேரு வாங்க என்னால ஏலாது. சத்தியம் பண்ணு" என்றாள். பையிலிருந்து மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நானும் ஒரு கிறுக்கி, அதைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது. ரவிக்கை எல்லாம் தொளதொளத்துப் போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம், "செவ்வா வெள்ளி விரதம் இருக்கேன், ஆத்தா கொறைக்கா" என்று சொல்லி வைத்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் அப்படித்தான், நேரே சாமியை இழுத்துவிடுவாள். அவள் மாமியார் வெள்ளத்தாய் அதை அப்படியே நம்பினார். "ஆத்தா எம் மருமவ மேல எரக்கம் வச்சிருக்கா. இந்தப் பங்குனிக்கு அக்கினிச்சட்டி எடுக்கணும்" என்று நேர்ந்துகொண்டார். பட்டாளத்தில் இருக்கும் அவள் புருஷன் முத்துப்பாண்டியும் அதற்கென்றே லீவு போட்டு வந்துவிட்டார். இனி எப்படி மாட்டேன் என்பாள்? காப்புக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு. ஊசியால் பசியே எடுக்காதவளுக்கு அந்த ஒரு வேளையும் இரண்டு வாய்தான்.

அந்த வாரம்தான் பஸ்ஸில் அவள் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை மாத்திரை, அதுவும் சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற வகை.

"இது எதுக்குட்டி?"

"ஒரு வருசமா வீட்டுக்கு வந்து கவர்மெண்டு நர்சம்மா குடுத்துட்டுப் போறாவ."

"ஊசி எழுதின டாக்டர்ட்ட சொன்னியா?"

"அவிய கேட்டாவ. இல்லைன்னுட்டேன். சொன்னா ஊசி எழுத மாட்டாவளோன்னு பயம். டெஸ்ட்டும் நல்லாத்தான இருந்துச்சு."

மாத்திரையால்தான் டெஸ்ட் நன்றாக இருந்தது, ஊசியும் அதுவும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று திட்டினேன். நாளைக்கே டாக்டரிடம் சொல் என்றேன். சொல்லுதேன் என்றாள். அதோடு விட்டேன். பதினோரு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான், நானே போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டில் எழுதியிருந்தபடி அளவைக் கூட்டி என் கையாலேயே ஊசியும் போட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை அக்கினிச்சட்டி. பகல் பதினொரு மணி வெயில். மஞ்சள் சேலையில், இரண்டு கையிலும் வேப்பிலை வைத்து அதன்மேல் சட்டியை ஏந்தி நின்றாள். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல. சட்டிய எறக்குன பொறவுதான் தண்ணியே."

"மாத்திர?"

"போட்டுட்டேன்ட்டி. மாத்திர என்ன சோறா, விரதம் முறியதுக்கு? ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காவளே."

தெருவுக்குத் தெரு பந்தலில் பானகம் இருக்கிறது, ஒரு மடக்குக் குடி என்று கெஞ்சினேன். அவள் முறைத்தாள். மேளம் தொடங்கிவிட்டது, கூட்டம் நகர்ந்தது.

கோயிலுக்கு மூன்று தெரு. நான் அவள் தோளை ஒட்டியே நடந்தேன். முதல் தெருவில் பெண்கள் அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், சிரித்தாள். இரண்டாவது தெருவின் பாதியில் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் வியர்த்தது, அவளுக்கும் வியர்த்தது. ஆனால் அவள் உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "ஆனந்தி" என்றேன். என்னைப் பார்த்தாள், யார் என்று தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முழங்கையைத் தொட்டேன். அந்த வெயிலில், கையில் நெருப்பை வைத்துக்கொண்டிருந்தவளின் முழங்கை சில்லிட்டிருந்தது.

மூன்றாவது தெரு திரும்பியதும் அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வாய் எதையோ முனகியது.

கூட்டம் குலவையிட்டது. மேளக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு அடியை வேகப்படுத்தினார்கள். சாமி வருகிறவர்களுக்கு அப்படித்தான் அடிப்பார்கள். வெள்ளத்தாய் கண்ணீரோடு கும்பிட்டு, "தாயி, வந்துட்டியா? ஒரு வாக்கு சொல்லு தாயி" என்றார். முத்துப்பாண்டியும் கைகூப்பி நின்றார். அவள் நடுங்க நடுங்க அடி இன்னும் வேகமாயிற்று. சட்டி சாய்ந்தது, ஒரு கங்கு அவள் காலடியில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

நான் பக்கத்துப் பந்தலுக்கு ஓடி ஒரு டம்ளர் பானகம் மொண்டு வந்தேன். அவள் வாயருகே கொண்டுபோனதும் வெள்ளத்தாய் என் கையைத் தட்டிவிட்டார். பானகம் மண்ணில் கொட்டியது.

"ஏட்டி, சாமி வந்து நிக்கா, விரதத்தக் கெடுக்கியா நீ?"

குங்குமத்தைத் தொட்ட விரல் எனக்கு நினைவு வந்தது. எதிரே தெருக்கோடியில் கோயில் வாசல், அதே மாரியம்மன். சத்தியத்தை மீறினால் என் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். அந்தப் பயத்தோடேயே கத்தினேன்.

"சாமி இல்ல சித்தி! சுகர் எறங்கிருச்சு! மெலியதுக்கு ஊசி போடுதா, நாலு மாசமா நாந்தான் போடுதேன்! காலைல வெறும் வயித்துல சுகர் மாத்திரையும் முழுங்கியிருக்கா! இனிப்பு உள்ள போகலன்னா செத்துருவா!"

மேளம் நின்றது. அவள் முழங்கால் மடிந்தது.

முத்துப்பாண்டி பாய்ந்து வந்து சட்டியைப் பிடுங்கினார். காப்புக் கட்டாதவர் அதைத் தொடக்கூடாது. வேப்பிலைகூட இல்லாமல், வெறுங்கையில் பிடித்தார். "குடு, சீக்கிரம் குடு அவளுக்கு" என்று என்னைப் பார்த்து அலறினார். யாரோ பானகக் குடத்தையே தூக்கி வந்தார்கள். அவளை மடியில் சாய்த்து நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாயும் வழிந்தது. "முழுங்குடி, முழுங்கித் தொலை" என்று திட்டிக்கொண்டே அழுதேன். மூன்றாவது வாய் தொண்டையில் இறங்கியது. என் உயிரும் அதோடுதான் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சர்க்கரை நாற்பத்தொன்று. அதுவும் பானகம் குடித்த பிறகு. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்கள். நன்றாக வாங்கிக்கொண்டேன். கண் விழித்த ஆனந்தவல்லி முதலில் கேட்டது இதுதான்:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊசி எழுதிய டாக்டரைப் பார்க்க முத்துப்பாண்டியே கூட்டிப் போனார். கையில் கொப்புளத்துக்குக் கட்டு. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி, ஊசியின் அளவையும் குறைத்து, இரண்டு வாரம் கழித்துப் போடச் சொன்னாராம். இதெல்லாம் தெருவில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் எனக்கு இடம் போடவில்லை. தெருவில் சிலர் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் பார்த்தேன். உயிரைக் காப்பாற்றி மானத்தை வாங்கிவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவள் பேர் எழுதிய டப்பா கண்ணில் படும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்க ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் அவள் கம்பெனிப் பெண்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஆனந்தவல்லி கவுண்டருக்கு வந்தாள். நான் வழக்கம்போலப் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவள் அசையவில்லை. ஸ்டூலை இழுத்து எல்லோருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

"மெலியதுக்குப் போடுத ஊசி இருக்குல்லா, எம் பேரு எழுதினது. அத எடுத்துட்டு வா" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போட்டுட்டியாட்டி?"

நான் இன்னும் ஃப்ரிட்ஜையே திறக்கவில்லை.