கல்யாண மண்டபத்துக்கு முன்னால் இருந்த நடைபாதை

1. ஜே.சி.பி.

நாங்கள் பதித்து ஒரு வருஷம்கூட ஆகாத நடைபாதை ஓரத்துக் கெர்ப் கற்களை ஜே.சி.பி. பெயர்த்துக்கொண்டிருந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நகராட்சி அலுவலகத்துக்கு நடந்துவந்த நான் கடைத்தெரு நடுவிலேயே நின்றுவிட்டேன்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடையில் உள்ள ஊர் அது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே ஜூனியர் இன்ஜினியர். டிசைனிலிருந்து முடிவு வரை நானே பார்த்த முதல் வேலை அந்த நடைபாதை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெண்கள் பள்ளி வரை இரண்டு பக்கமும் போட்டோம். திறந்து கிடந்த வடிகாலை ஸ்லாப் போட்டு மூடி அதன் மேலேயே நடக்க வைத்தோம். பள்ளி வாசலில் ரோட்டையே மேடாக்கி, வண்டிகள் வேகம் குறைந்து வரும்படி கிராசிங் அமைத்தோம். டவுன் பஸ் நிற்கும் இடத்தில் படியிலிருந்து நேராக நடைபாதையில் கால் வைக்கலாம். கடைக்காரர்கள் முதலில் என்னைத் திட்டினார்கள். பிறகு, நடந்து வருகிறவர்கள்தான் நின்று சாமான் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் திட்டுவதை நிறுத்தினார்கள்.

இப்போது கல்யாண மண்டபத்துக்கு முன்னால் மட்டும் அது உடைந்துகொண்டிருந்தது.

“யார் சொன்னது?” என்று டிரைவரிடம் கத்தினேன்.

“என்னியே கேட்டா இன்னா மேடம் பண்றது? காண்ட்ராக்டர் ஒடைக்க சொன்னாரு, ஒடைக்கிறேன். மண்டபத்துக்கு கார் நிறுத்த எடம் வோணுமாம்.”

2. “எப்படியாவது போவான்”

நேராக முனிசிபல் இன்ஜினியரின் அறைக்குப் போனேன். அவர் அப்போதுதான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஸ்டெல்லா, கல்யாண சீசன் வந்தாச்சு. கார்ல வர்றவங்க எங்கம்மா நிறுத்துவாங்க?”

“மண்டபத்துக்குப் பின்னாடி அவங்க மனையே காலியா கிடக்கே சார்.”

“அத வேற எதுக்கோ வெச்சிருக்காங்க.”

“அப்ப நடந்து போறவங்க?”

“நடந்து போறவன் எப்படியாவது போவாம்மா. இவ்ளோ நாள் போகலையா?”

இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. கருங்குழியிலிருந்து மதுராந்தகத்து ரைஸ் மில்லுக்கு என் அப்பா சென்னை-திருச்சி ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் சைக்கிளில் போனார். லாரி வந்தால் மண்ணில் இறங்குவார், போனதும் மறுபடி ஏறுவார். ஆமாம், எப்படியாவதுதான் போனார். அதைப் பார்த்து வளர்ந்தவளிடம் ஒரு இன்ஜினியர் அதையே டிசைன் விதியைப்போலச் சொல்கிறார்.

மண்டபத்தின் நீளத்துக்கு நடைபாதை இல்லாமல் போனது. உடைத்த ஸ்லாப்களில் பாதியைத் திரும்ப மூடவில்லை. கார்கள் சுவரை ஒட்டி நின்றன. நடக்கிறவர்கள் ரோட்டில் இறங்கினார்கள்.

3. தயாளன்

பள்ளிக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. டெலிபோன் பூத் வைத்திருந்தவர் தயாளன். கண் தெரியாது. குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். நடைபாதை வருவதற்கு முன்னால் அவர் மனைவி மலர்தான் தினமும் பஸ் நிறுத்தத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவாள், சாயங்காலம் கூட்டிப் போவாள். அதனாலேயே இறால் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். நடைபாதை வந்த பிறகு தயாளன் கெர்ப் கல்லின் ஓரத்தைக் கோலால் தட்டிக்கொண்டு தனியாகவே வர ஆரம்பித்தார். மலர் மறுபடியும் வேலைக்குப் போனாள்.

உடைத்த மறுநாள் பூத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

“தெரியும் மேடம். காலைல அந்த எடத்துல கோலு வெறுங்காத்துல ஆடுச்சு. சுத்திகினு ரோட்டு மேல வந்துட்டேன்.”

“கொஞ்ச நாளைக்கு மலரைக் கூட வரச் சொல்லுங்க.”

“அது வேலைக்கு போவுது மேடம். என்னியால திரும்ப வேலைய நிறுத்த சொல்றீங்களா?” என்று சிரித்தார்.

ஒரு முகூர்த்த நாள். மண்டப வாசலில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. தயாளன் ரோட்டில் இறங்கி நடந்திருக்கிறார். பின்னால் வந்த வேன் ஹாரனை அழுத்தி அலற விட்டிருக்கிறது. பயந்து இரண்டு கார்களுக்கு நடுவில் ஒதுங்கினார். அங்கே ஸ்லாப் இல்லை. வடிகாலுக்குள் விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மலர் நின்றிருந்தாள், இறால் கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.

“இன்னா மேடம் இது? நீங்க கட்னீங்கன்னு நம்பித்தானே அவுர தனியா வுட்டேன்? கட்னத நீங்களே இடிப்பீங்கன்னு எனக்கு யாரு சொன்னா?”

“நான் இடிக்கல, மலர்.”

“வுழுந்தவருக்கு அது இன்னா மேடம் வித்தியாசம்?”



4. குறைதீர் நாள்

மறுநாள் முனிசிபல் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். “கண்ணு தெரியாதவர் துணை இல்லாம வந்ததால ஏற்பட்ட விபத்துன்னு ரிப்போர்ட் எழுதிக் குடும்மா.”

“எழுத மாட்டேன் சார். நடைபாதைய உடைச்சு, வடிகால மூடாம விட்டதால ஏற்பட்ட விபத்துன்னுதான் எழுதுவேன்.”

“உனக்கு சர்வீஸ் நிறைய இருக்கு ஸ்டெல்லா.”

“அவருக்கும் நடக்க வேண்டியது நிறைய இருந்துச்சு சார்.”

நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அது அவர் மேஜையைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, மலரோடும், கடற்கரையிலிருந்து வந்து அந்த ரோட்டில் கூடையோடு நடக்கும் மீன்காரப் பெண்கள் சிலரோடும் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் மலர் மனுவை நீட்டினாள். கலெக்டர் என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றார்.

“அந்த நடைபாதையக் கட்டின ஜே.இ. சார்.”

“டிபார்ட்மென்ட்ல இருந்துகிட்டு இங்க வந்து நிக்கிறீங்களா?”

“அங்க சொல்லிப் பார்த்துட்டுத்தான் சார் வந்தேன்.”

அவர் மனுவை முழுவதும் படித்தார். அந்த வாரமே ஸ்லாப் போட்டார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் நடைபாதையும் திரும்ப வந்தது. கார்கள் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குப் போயின. அங்கே தாராளமாக இடம் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. முனிசிபல் இன்ஜினியருக்குப் பதவி உயர்வு வந்தது.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காலை பஸ் நிறுத்தத்தில் தயாளனைப் பார்த்தேன். புதுக் கல், புது சிமென்ட், மேடு பள்ளம் இல்லாத வழி. அவர் கோலை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மலரின் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடந்தார். அவள் மறுபடியும் வேலையை விட்டிருந்தாள். “நல்லா போட்டுக்கிறாங்க மேடம். ஆனா இது என்னிய தனியா வுட மாட்டேங்குது” என்றார் தயாளன். மலர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ரோடு டிசைன் செய்ய வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து அளக்கிறார்கள். காருக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு, பார்க்கிங்குக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டே போய், சுவரோரம் மிச்சம் இருந்தால் மனிதருக்கு. மிச்சம் இருக்கவே இருக்காது. நீங்கள் டேப்பைச் சுவரிலிருந்து பிடியுங்கள். முதலில் நடக்கிறவருக்கு, பிறகு சைக்கிளுக்கு, பிறகு பஸ்ஸுக்கு. இடம் போதவில்லை என்று கார் வைத்திருப்பவர் வந்து சண்டை போடட்டும். அவருக்குச் சண்டை போடத் தெரியும். அவர் குரல் எல்லா ஆபீஸிலும் கேட்கும்.