இடது பக்கம் மூச்சே இல்லை

மூன்றாவது பாட்டு, இரண்டாவது நிமிடம். சரியாக அந்த இடத்தில் எழுந்து நின்றுவிடுவார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. இடது பக்கம் மூச்சே இல்லையே!" கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

என் அக்கா வீட்டுக்காரர் உயர்ரக சி.டி. பிளேயர் ஒன்று வாங்கப் புறப்பட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றைக்குப் பிறந்த பிள்ளை இந்நேரம் நடக்கவே ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமைதோறும் துணைக்கு நான். சட்டைப்பையில் சொந்த சி.டி. கொண்டுவருவார், அதில் இடது ஸ்பீக்கரில் வயலின், வலதில் புல்லாங்குழல். ஒவ்வொரு பிளேயரையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். "கனமா இருந்தாத்தான் உள்ள ஆடாது மாப்ளே." தட்டு வெளியே வரும் வேகத்தை வாட்ச் பார்த்து அளப்பார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், விரல் தாளம் போடும், பாதிப் பாட்டில் ஒயரைத் திருகப் போய்விடுவார். அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வேலை, லிஃப்ட் ரிப்பேர். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியை இடது காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "மூணாவது பேரிங். பொடிஞ்சிருக்கு." பிரித்தால் பொடிந்திருக்கும். கம்பெனியில் அவருக்குப் பெயரே பாம்புக்காது. வேறு வித்தை தெரியாத மனுஷர், அந்தக் காதுதான் அவருக்குச் சோறு. அதனால்தான், பிளேயர்களை அவர் திட்டத் திட்ட நான் கூரையைப் பார்த்தேன். எனக்கு அந்த வயலின் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் கடைக்காரர், கும்பிடாத குறையாக, "வீட்டுக்கே எடுத்துட்டுப் போய்க் கேளுங்க சார்" என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வந்ததும் ஹால் தலைகீழானது. திரைச்சீலையைக் கழற்றினார், பீரோவை நகர்த்தினார், நகர்த்திய இடத்திலிருந்து மறுபடியும் நகர்த்தினார். "செவுருதான் சத்தத்தை முழுங்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்துதான் கேளுங்களேன்!"

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இவரே சொல்லும் ஒரு சோதனை உண்டு. பிளேயருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். கோளாறும் கூடவே மறுபக்கம் போனால் பிளேயரில் பழுது. போகாமல் அங்கேயே நின்றால் பிளேயர்மேல் பழியில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவர் தனக்கு மட்டும் அதைச் செய்ததேயில்லை. கேட்டால், "அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே பிடுங்கி மாற்றிச் செருகினேன். வயலின் வலப்பக்கம் போனது, புல்லாங்குழல் இடப்பக்கம் வந்தது.

"அடடா, வயலின்னா இது வயலின்!" என்றார். உடனே முகம் சுருங்கியது. "புல்லாங்குழல் ஏன் கம்முது? அப்ப... ஸ்பீக்கர்லதான் ஏதோ."

"கடையில வேற ஸ்பீக்கர் மாமா. அங்கேயும் இடதுதானே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? பதினான்கு மாதத்தில் பிளேயர், ஸ்பீக்கர், சுவர் எல்லாமே மாறியிருந்தது, அவரைத் தவிர. அது அவருக்கும் விளங்கிவிட்டது. இடது காதை உள்ளங்கையால் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். எந்த வித்தியாசமும் இல்லை போலும்.

"கம்பெனியில சொல்லிடாதே மாப்ளே" என்றார். அவர் கெஞ்சி நான் கேட்டதேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். பிறகு எழுந்து, சுற்றி வந்து, அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.