முப்பது மாத்திரை, முப்பது டம்ளர் டீ

கடந்த ஜூன் 12, புதன்கிழமை, காலை 10.40. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, ஏழு நிமிடம் சாரல் அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஐந்து நாற்காலிகள். கால் ஆடாதவை இரண்டு. அந்த இரண்டிலும் கர்ப்பிணிகள். நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

எழுபத்து மூன்று வயதில் எனக்கு அங்கே என்ன வேலை?

பாண்டீஸ்வரிக்குத் துணை. என் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒன்பது பெண்களில் இளையவள். வயது 22, ஐந்து மாதம், தலைப்பிள்ளை. புருஷனுக்குக் கேரளாவில் ஏலத்தோட்ட வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் போய்விடுவான்.

ஒரு மாதம் முன்பு, பந்தலுக்குக் கீழே கையை உயர்த்தித் தளிர் கட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்துவிட்டாள். ரத்தம் பார்த்தால், ஹீமோகுளோபின் 8.2. நர்ஸ் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பத்தத் தாண்டணும். ஏறலன்னா தேனிக்கு அனுப்பி டிரிப்ஸ்லதான் மருந்து ஏத்தணும். இந்த ரத்தத்தோட பிரசவத்துக்குப் போனா உசுருக்கே ஆபத்து, ஆத்தா."

இரும்புச்சத்து மாத்திரை அவளிடம் இருந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் போடுவாள், உடனே வாந்தி. பாதி மாத்திரை சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்குமா? புது அட்டை மூன்றையும் வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பத்து மூன்று முப்பது. அதற்கென்று தனி நோட்டு வேறு.

எங்கள் பக்கத் தோட்டங்களில், வேலையாட்கள் சாப்பிட்டு முடித்ததும் பதினோரு மணிக்கு டீ. அதைத் தோட்டக்காரர் தன் கையால் ஊற்றிக் கொடுத்தால்தான் மரியாதை. பாண்டீஸ்வரிக்கு மட்டும் டம்ளரோடு ஒரு மாத்திரையும் நீட்டுவேன். "முழுங்கியாச்சா? வாயத் திற பாப்போம்." நோட்டில் ஒரு டிக். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அதற்காக விட முடியுமா? பிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். நான்கு ஞாயிறு, நான்கு பிளாஸ்க்.

ஆக, முப்பதுக்கு முப்பது. அந்தப் பெருமையில்தான் ஆடும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

விரலைக் குத்திப் பார்த்தார் நர்ஸ். 8.3.

நான் நோட்டை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாத்திரைய எதோட முழுங்குன?"

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "டீயோடக்கா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? டீயோட போட்டா சத்து ஒடம்புல ஒட்டாது, முன்ன பின்ன ஒரு மணி நேரம் தொடாதேன்னு?"

"தெரியும்க்கா. ஆனா அவக கையால ஊத்தி நீட்டுறாக. முழுங்குற வரைக்கும் எதுத்தாப்புலயே நிக்குறாக. எப்பிடிக்கா வேணாங்கிறது?"

"அது யாரு அந்தப் புண்ணியவாளன்?"

"இந்தா... இவகதான்."

நாற்காலி ஆடியதா, நான் ஆடினேனா, தெரியவில்லை.

கிராமத்து இளம்பெண்களுக்குச் சத்துணவு பற்றிய விழிப்புணர்வு இல்லை என்று இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் இதுவரை நான்கு முறை எழுதியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் பட்டம் வாங்கிய நான் ஒருவன்தான். அவளிடம் இல்லாதது அறிவு அல்ல — கூலி கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல ஒரு சந்து. அந்தச் சந்தையும் அடைத்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன், தினமும், கையில் பேனாவோடு!

"எலுமிச்சத் தண்ணியோட போடட்டும். மாத்திரைய அவகிட்டயே குடுத்துருங்க," என்றார் நர்ஸ். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெரியவரே. அது போதும்."

மறுநாள் பதினோரு மணிக்கு அவளுக்கு மட்டும் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோனேன். கூட்டத்தில் மூத்தவள் ராமுத்தாய் விடுவாளா?

"என்னங்கய்யா, அவளுக்கு ஜூஸு, எங்களுக்குக் கழனித்தண்ணியா? எங்க ஒடம்புல மட்டும் என்ன, குழாயத் தொறந்தா ரத்தம் வருதா?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். அவள் சொன்னதும் நியாயம்தானே? அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்காவது ரத்தம் எவ்வளவு என்று நான் கேட்டதுண்டா? பந்தலில் எத்தனை கொத்து என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் எலுமிச்சைத் தண்ணீர். டீ இரண்டு மணிக்கு. மாத்திரை பாண்டீஸ்வரியின் முந்தானை முடிச்சில். அவள் அதை அவிழ்க்கும்போது நான் மோட்டார் ரூம் பக்கம் போய்விடுவேன். விழுங்கினாளா, இல்லையா? அந்த ஐந்து நிமிடமும் மோட்டார் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஜூலையில் 9.3. ஆகஸ்டில் 10.2.

"தேனி வேணாம்," என்றார் நர்ஸ். பாண்டீஸ்வரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அங்கேயே செல்லை எடுத்துப் புருஷனுக்குப் போட்டாள். "ஏறிருச்சுய்யா... ஆமா, பத்தத் தாண்டிருச்சு... நீ அழுவாத மொதல்ல."

எலுமிச்சைக்கும் சர்க்கரைக்குமாக இரண்டு மாதத்தில் ஆன செலவு 2,692 ரூபாய். நான் தள்ளி நின்றதற்கு ஒரு பைசாகூட ஆகவில்லை.