கத்தரி நாற்றுக்குப் போட்ட காவல்

என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை பார்த்தவர். ஒருநாள் உள்ளேயே மூச்சடைத்து விழுந்துவிட்டார். எப்படியோ வெளியே இழுத்துப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் லேசாக இருமினாலும் என் கையில் இருக்கிற பாத்திரம் நழுவும்.

அந்த வேலையை விட்டுவிட்டு, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மணல் மனையில் கத்தரி நாற்று விட ஆரம்பித்தார். மீஞ்சூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிதில் ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. மழைக்குப் பின்னால் நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகி, நூலாக மெலிந்து சாய்ந்தது. அதற்கு எங்கள் தெருவில் “கழுத்து சாஞ்சிச்சு” என்பார்கள். மனிதர் செத்தாலும் அதே பேச்சுத்தான். ஜனங்கள் பேசுகிற பேச்சை எல்லாம் ரசிக்கிறவள் நான். இது ஒன்றை மட்டும் காதில் வாங்கமாட்டேன்.

இரண்டு பாத்தி போயிற்று. ஒரே ஒரு பாத்திதான் பாக்கி. தொட்டி வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வாசலில் வந்து நின்றார்.

“இன்னா மாமு, செடி கிடியெல்லாம் பூட்டுச்சாமே? பொங்கலுக்கு முன்னாடி தொட்டி தொறக்குறோம். வர்றியா?”

“இந்தப் பாத்தியும் பூட்டுச்சின்னா வரேன்” என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளே மாதவரம் உரக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வெள்ளையாக ஒரு தூள் பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

“இது மருந்து இல்லமா, உசிரு. நல்ல கிருமி. வேர்ல ஒட்டிகினு குடும்பம் பண்ணும். ரெண்டு மூணுதான் கீதுன்னா வாயே தொறக்காது. கும்பல் சேர்ந்தாத்தான் ஒண்ணுக்கொண்ணு சிக்னல் குடுத்துகினு வேலைய ஆரம்பிக்கும். செடிக்கும் தகவல் போவும், உஷாரா இருன்னு. வேர்ல சொன்னது மேல எலை வரைக்கும் எட்டும்.”

“வாயில்லாதது எப்படிண்ணே பேசும்?”

“ஏதோ ரசாயனத்தக் கசிய வுடுமாம். அதான் அதுக்குப் பேச்சு. ஆனா ஒண்ணு, செத்ததுக்கு இது உசிரு தராது. நிக்கிறதுக்குத்தான் காவல்.”

ரசாயனம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அன்றைக்கு அதையே சாமி பேர் மாதிரி முனகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாதிப் பாக்கெட்டை, டிரம்மில் பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீரில் கரைத்து, மிச்சப் பாத்தியில் ஊற்றினோம். அப்புறமும் தினம் நாற்று சாய்ந்தது. அவர் எழுவதற்குள் நான் போய்ப் பார்ப்பேன். ஈர மண்ணில் புதிதாக இரண்டு படுத்திருந்தால், தொட்டிக்குள் அவரே படுத்திருப்பதுபோல் இருக்கும்.

அந்த வாரம் தண்ணீர் லாரி வந்தது. டிரம் நிறைந்ததும் என் மாமியார் ஒரு பிடி ப்ளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்கினார். தெருவில் வாந்திபேதி கண்ட வருஷத்திலிருந்து வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போடுவதில்லை.

எனக்குச் சுருக்கென்றது. “அத்தே, போன தபாவும் போட்டியா?”

“போடாம? உன் புருசன் பேதியாவி ஆஸ்பத்திரில கெடக்கணுமா?”

கிருமியைக் கொல்கிற தண்ணீரில் கிருமியைக் கரைத்திருக்கிறோம். மாமியாரைத் திட்ட மனசு வரவில்லை. அவருக்கும் அதே ஆளைப் பற்றித்தான் பயம்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கும்பல் எங்க சேர்றது? குளிப்பாட்டியே கொன்னுட்டோம்.”

எங்கள் அடிபம்புத் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் லாரித் தண்ணீரையே ப்ளீச்சிங் போடாமல் அகலமான தொட்டிகளில் பிடித்து, அதில் ஏற்கெனவே இருக்கிற குளோரின் வாடை போகும்வரை வெயிலில் வைத்தோம். பிறகு மிச்சத் தூளை, வேரில் ஒட்டட்டும் என்று கஞ்சியில் குழைத்து அதில் கரைத்து ஊற்றினோம். காவலுக்கு மாமியாரே தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகும் சில நாற்று சாய்ந்தது. பிறகு குறைந்தது. அழுகல் பாத்தியின் நடுவோடு நின்றுபோயிற்று. தூள்தான் காத்ததா, மழை விட்டு அடித்த வெயிலா, இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அப்போதோ, நின்றதை நம்பவே பயமாக இருந்தது.

மேஸ்திரி மறுபடி வந்தார். இவர் பாத்தியைக் காட்டினார். “பாதி நிக்குது மாமு. நா வரல.”

“பாதிக்கே இம்மாம் கெத்தா? ஊர்ல ஆளா இல்ல?” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர் வருகிறேன் என்றது மதில் தாண்டிக் கேட்டது.

“இன்னா வேலைங்க அது?” என்று அவர் மனைவி கேட்டார்.

“சும்மா கழுவுற வேலதாம்மா.”

மேஸ்திரியின் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு மதிலோரம் போய் மெல்லக் கூப்பிட்டேன். “யக்கா, கொஞ்சம் இப்படி வா. அது இன்னா தொட்டின்னு நா சொல்றேன்.”