பூட்டிய வீட்டுக்குள் கூப்பிட்ட கோழிக்குஞ்சு

ஐந்து வயதுப் பிள்ளை தனியாக விளையாட எந்த வீடியோ கேம் நல்லது? 2004இல், விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒன்றில் என்னோடு வேலை பார்த்த கனகா அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு பேக்கிங் வேலைக்கு வந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். கடைக்காரரைக் கேளுங்கக்கா என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

கனகாவுக்கு அச்சு வேலை. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, டியூப் ரப்பரால் இறுகக் கட்டி, கரைத்த மண்ணை ஊற்றுவார். மண் உள்ளே பிடித்து இறுகிய பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பொம்மையின் கழுத்து கையோடு வந்துவிடும். கணவர் நடராசன் வேப்பூர் லாரி ஒன்றில் வெளியூர் ஓட்டம் போகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது.

மகள் துர்காவுக்கு பால்வாடி மதியத்தோடு முடிந்துவிடும். கனகா சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து, சோறு ஊட்டி, வெளியே பூட்டிவிட்டுத் திரும்புவார். பூட்டாமல் போன ஒரு நாள் பிள்ளை கம்பெனிக்கு நடந்தே வந்து, எரிந்துகொண்டிருந்த சூளையின் வாசலில் நின்றது. அன்றைக்கு வாங்கியதுதான் அந்தப் பூட்டு. ஆனால் பூட்டினால் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். அழாமல் ஓரிடத்தில் உட்கார வைக்க ஏதாவது வேண்டும், கனகாவின் தேவை அவ்வளவுதான்.

கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் கடை ராஜமாணிக்கம் நாலு கேம்களை எடுத்துப் போட்டார். துப்பாக்கி கேமை கனகா தொடவே இல்லை. கார் கேமில் வண்டிகள் மோதிக்கொண்டன. லாரியில் போயிருக்கும் கணவரை நினைத்து அதையும் கீழே வைத்தார். கட்டை அடுக்கும் கேம் பிள்ளைக்குக் கஷ்டம் என்று தோன்றியது. கடைசியாக, உள்ளங்கையில் அடங்கும் முட்டை ஒன்று. அதன் சின்னத் திரையில் ஒரு கோழிக்குஞ்சு. தீனி போடலாம், குளிப்பாட்டலாம், தூங்க வைக்கலாம்.

“பசிச்சா கூப்புடும்மா. போயி பாக்கணும். பாக்காம வுட்டா செத்துப்பூடும்,” என்றார் ராஜமாணிக்கம்.

“வெட்டு குத்து இல்லல்ல. ஒரு உசுர வளக்கறதுதானண்ணா, இதயே குடுங்க,” என்றார் கனகா.

முதல் வாரம் அழுகைச் சத்தமே இல்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் கனகா பிள்ளையைச் சமத்து என்று கொஞ்சினார். பக்கத்து வீட்டு வீராயிதான், உள்ளே ரெண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். கனகா சிரித்தார். அடுத்த வாரம் வீராயி வேறு மாதிரி சொன்னார்.

“இப்பல்லாம் ஒண்ணுதான் கூப்புடுது கனகா. இன்னொண்ணு பேசவே மாட்டேங்குது.”

அதன் பிறகு அச்சில் மண் ஊற்றும்போதெல்லாம் கனகாவுக்கு உள்ளிருந்து கீக் கீக் என்று கேட்பதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால் துர்கா ஓடி வருவதும் நின்றுபோனது. இருந்த இடத்திலேயே இருந்து அம்மாவை ஏறிட்டுப் பார்ப்பாள்.

ஒரு நாள் மண் கரைக்கும் மிஷின் நின்றுவிட, மூன்று மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கனகா வாசலுக்கு வந்தபோது உள்ளே குஞ்சு கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. துர்கா என்று அழைத்தார். பதில் இல்லை. அவசரமாகப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே பிள்ளை நடுவீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, விரிசல் விட்டது என்று கம்பெனியில் ஒதுக்க, விளையாடட்டும் என்று கனகா கொண்டுவந்து, கட்டவும் அவிழ்க்கவும் சொல்லிக்கொடுத்திருந்த பொம்மை அச்சு. இரண்டு பாதியும் சேர்த்து, ரப்பர் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. துர்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் பாப்பா அத உள்ள வச்ச?”

“நான் வேலைக்குப் போயிட்டேம்மா. அதான் பூட்டிட்டேன்.”

கனகா ரப்பரை அவிழ்க்கப் போனார். பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொறக்காத. நேரம் ஆவல. இப்ப தொறந்தா கழுத்து வந்துடும்.”

“பசிக்குதுன்னு கத்துது பாருடி.”

“கொஞ்ச நேரம் கத்தும். அப்பறம் கதவயே பாத்துக்கிட்டு இருக்கும். அப்பறம் கத்தாதும்மா. தெனமும் அப்படித்தான்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் நின்றது. கனகா அச்சைப் பிரித்தார். முட்டையின் திரையில் குஞ்சு இருந்த இடத்தில், இறக்கை வைத்த சின்ன உருவம் ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. துர்கா எட்டிப் பார்த்தாள்.

“சமத்தாயிடுச்சு,” என்றாள்.

மறுநாளே கனகா முதலாளி மாணிக்கவேலிடம் போய், இனி மதியம் வரைக்கும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். முட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் வேண்டாம் என்று வைத்த கட்டை கேமையே வாங்கி வந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆடினார்கள். பிள்ளை மறுபடி சிரித்தாள். ஆனால் வெளியே இருந்து யாராவது பேர் சொல்லி அழைத்தால் வெகு நாள் வரை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அந்தக் குரல் அடங்கும்வரை கேட்பாள். கனகாதான் உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டியிருந்தது.

கனகா அக்காவைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதினேன். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.