விழுகிற சுவிட்சும் உறைகிற தண்ணீரும்

தண்ணீரைக் குளிர வைக்கிற மெசினைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு என்றால், லண்டனில் பத்து வருடம் இருந்தவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். அடுத்தவர் வீட்டுப் பின்வளவில் மழைக்குள் நின்று, விறைத்த விரலால் ஆணி கழற்றிப் பழகிய சக பாவிகளுக்கு மட்டும் இது விளங்கும்.

சில்லர் என்கிற அந்த மெசின் வெளியில்தான் நிற்கும். அதற்குள் ஓடும் தண்ணீர் பனி நாளில் ஓடாமல் நின்றால் உறையும்; உறைந்தால் ஊதும்; ஊதினால் குழாய் வெடிக்கும். ஆகவே பம்ப் நிற்கக் கூடாது. ஆனால் மழையில் நிற்கிற மெசினுக்குக் கரண்டும் போகிறது. கரண்ட் கசிந்தால் உடனே நின்றுவிட வேண்டும். நிற்கவும் கூடாது, நிற்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வாழ்க்கை.

தயிர்க்காரர்

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் யூட் அண்ணையும் ரீற்றா அக்காவும் தயிர் போட்டுப் பக்கத்து டூட்டிங் கடைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். மன்னார் ஆட்கள். இரண்டு கார் நிறுத்தும் அளவு இடம், அதற்குள் பால் காய்ச்சும் தொட்டி. காய்ச்சிய பால் கெதியாக ஆற வேண்டும் என்பதால் தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரைப் பின்வளவில் பூட்டிக் கொடுத்தது நான். ஊரில் இருந்த காணியை விற்று இந்தத் தொழிலில் போட்டவர்கள். தயிர் பிழைத்தால்தான் இவர்கள் பிழைப்பார்கள்.

இரண்டு விஷயம் சொன்னேன். தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கிற திரவம் ஒன்று இருக்கிறது, உணவுத் தொழிலுக்கென்றே விற்கிறார்கள், பாலைத் தொடவும் மாட்டாது, அதை ஊற்றுங்கள் என்றேன். தன் தயிருக்குப் பக்கத்தில் எந்த மருந்தும் வரக்கூடாது என்று யூட் அண்ணை ஒரே பிடியாக நின்றார். வெளியில் போடுகிற தடித்த கேபிளை, பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு போடுங்கள் என்பது இரண்டாவது. அதற்குள் அவர் ஜன்னலால் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை வெளியே விட்டிருந்தார். இந்த வயரில் நான் மெசினைக் கொழுவ மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அண்ணை சிரித்தபடி தானே கொழுவினார். "தம்பி, ஊரில கரண்டே இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள். இஞ்ச வயர் எண்டு ஒண்டாவது இருக்குதுதானே."

போர்வை

அந்த மாதமே விம்பிள்டனில் இன்னொரு வீடு. சிவநாதன் ஐயா என்று ஓய்வு பெற்ற கணக்காளர். முழங்கால் வலிக்கு நல்லது என்று மகள் ஒரு குளிர்நீர்த் தொட்டியும் சில்லரும் வாங்கித் தோட்டத்தில் வைத்துவிட்டுக் கனடா போய்விட்டாள். மெசின் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், மேலே தார்ப்பாய், அதற்குள் கம்பளி, அதற்குள் மனைவியின் பழைய குளிர்கோட்டு. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை வெளியே ஊதித் தள்ளினால்தான் அது வேலை செய்யும். இவர் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

வேண்டுமென்றால் குழாய்களுக்கு உறை போடலாம், மெசினுக்குப் போடக்கூடாது என்று விளக்கிவிட்டு எல்லாவற்றையும் உரித்தேன். மனைவி தவறிய பிறகு அந்த வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் அந்த மெசின்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கோட்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்குள்ள இருக்கிற எனக்கே ஏலாமக் கிடக்கு, அது தனிய வெளியில நிக்குது, தம்பி."

சாக்காட்டினது யார்

மார்கழி மழை தொடங்கியதும் யூட் அண்ணையின் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற சுவிட்ச் அது. வளவில் வயரும் வயரும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் போயிருக்கிறது, சுவிட்சுக்கு ஒரு பழுதும் இல்லை, அது உங்களுக்கு விஷயம் சொல்கிறது என்றேன். அவர் விழ விழத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வயர் போடுவதென்றால் ஒரு நாள் தொழிலை நிறுத்த வேண்டும். கோயில்களுக்கும் கடைகளுக்கும் பொங்கல் ஓடர் குவிந்திருந்த நேரம். பொங்கல் முடியட்டும் என்றார்.

மழை விட்டுப் பனி பிடித்த ஒரு விடியற்காலை சுவிட்ச் விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பம்ப் நின்றது, தண்ணீர் உறைந்தது, உள்ளே செப்புக் குழாய் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ரீற்றா அக்கா புளித்த பாலைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு கடைக்காரர் ஏற்கெனவே வேறு ஆளிடம் தயிர் எடுக்கத் தொடங்கிவிட்டாராம். குழாயை மாற்றிக் கொடுத்து, இனியாவது கேபிளைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணை சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டினார். "மெசினைச் சாக்காட்டினது குளிரில்லை. உங்கட இந்தச் சாமான்தான்."

உப்பு

டூட்டிங்கில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் வேலை. காலையில் பனித்தண்ணீரில் உட்கார்ந்தால் மூளை கூர்மையாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் உறையாமல் இருக்க அவர் தொட்டியில் மூட்டைக் கணக்கில் உப்பைக் கொட்டியிருந்தார். உறையத்தான் இல்லை. ஆனால் மெசினின் வயிற்றை உப்பு அரித்துத் தின்றுவிட்டது. இனி இது குப்பைதான் என்று சொன்னேன். அவர் கூர்மையான மூளையோடு கேட்டார்: "ஆமா சார், ஆனா கடல் உறையறதில்லையே, அந்த லாஜிக்லதான் போட்டேன்?"

நல்ல செய்தி

தைக்கு முன் கடும்பனி வரப்போகிறது என்றார்கள். யூட் அண்ணைக்குப் போன் எடுத்தேன். குரலில் அப்படி ஒரு உற்சாகம். சுவிட்ச் இப்போது விழுவதே இல்லையாம். மழையிலும் இல்லையாம், பனியிலும் இல்லையாம்.

நனைந்த வயர் தானாகக் காயலாம். ஆனால் இந்த மழைக்குள் காயாது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சின்ன வேலை ஒன்று செய்தேன் என்றார். உடனே மெசினை நிறுத்துங்கள், உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள், சனிக்கிழமை எலெக்ட்ரீஷியனோடு வருகிறேன், நீங்கள் கத்தினாலும் வருவேன் என்றேன். அன்றைக்குத்தான் பால் வந்து இறங்கியிருந்தது. பாலை என்ன செய்வது என்று அவர் கேட்டார், நிறுத்துங்கள் என்பதையே நான் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார்: "இனி இது ஒருக்காலும் நிக்காது, நீங்கள் நிம்மதியாப் படுங்கோ, தம்பி."

நிற்காத மெசின்

சனிக்கிழமைக்கு முதல் நாள் காலை மெசின் மூடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அது உள்ளே இறங்கிவிடும் என்று பயந்து, அண்ணை தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலால் இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன் மேல் ஊற்றி ஈரக் கையால் துடைத்திருக்கிறார். கேத்தில் விழுந்த சத்தம் கேட்டு ரீற்றா அக்கா ஓடி வந்திருக்கிறார். நல்ல வேளை, கரண்ட் அடித்துக் கிடந்த அண்ணையைத் தொடாமல் திரும்பி ஓடி மெயினை நிறுத்தியிருக்கிறார். அம்புலன்ஸ் வந்தது. அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எலெக்ட்ரீஷியன் பிறகு பார்த்துச் சொன்னார். ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே அண்ணை தனியாக ஒரு லைன் எடுத்திருக்கிறார், கசிந்தாலும் சுவிட்சுக்குத் தெரியாது. அதுவும் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டு வாசலில் பல்ப் கட்டிய வயர். இரண்டே கம்பி. கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற மூன்றாவது கம்பியே அதில் இல்லை. கம்பி கிடைத்த இடத்தில் கம்பியை எடுத்து, கரண்டே வராத ஊரில் விளக்கெரித்த கெட்டித்தனம் அது. அந்தக் கெட்டித்தனத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. செத்த மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், மெசினைக் கழற்றிக் கொண்டு போகச் சொல்லி ரீற்றா அக்கா கூப்பிட்டார். தயிர்த் தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடைகளுக்கு இனி இல்லை என்று சொல்லிவிட்டாராம். தண்ணீரை வடித்தேன். குழாயில் ஒரு கீறல் இல்லை, பம்ப் புதிதுபோல இருந்தது. அண்ணை ஓட விட்டிருந்த அந்தக் கடும்பனி நாட்களில் அது உறையவே இல்லை, பிறகு பனியும் விட்டுவிட்டது. அக்கா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விழுந்து கிடந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார். பிறகு மெசினைப் பார்த்தே கேட்டார்: "எத்தினை தரம் நிண்டது. அண்டைக்கு ஒருக்கா நிண்டிருக்கக் கூடாதோ?"

சுவிட்ச் அடிக்கடி விழுகுது என்று இப்போது யாராவது போனில் என்னைத் திட்டினால், திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட வேண்டிய தொழிலாகிவிட்டது என் தொழில்.